மண்ணுள் உறங்கும் வண்டு

நவம்பர் 2-ஆம் நாள் நெருங்கிவிட்டால் எங்கள் பங்கு மக்கள் மண்வெட்டியும் துடைப்பமுமாகக் கல்லறைத் தோட்டத்திற்குப் புறப்படுவர். சுண்ணாம்பு அடிப்பதும் சிலுவைகளுக்கு வண்ணம் பூசுவதும் எளிய வேலைகள். பார்த்தீனியத்தைக் களைவதே கடினம். செம்பரம்பாக்கம் ஏரி நீர் பாய்ந்த வயல்கள் பல இன்று மனைகளாகிவிட்டன. ஒரகடத்திற்கும் திருப்பெரும்புதூருக்கும் செல்லும் சாலைகளுக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் எங்கும் மண் புரட்டப்பட்டது. புரட்டிப் போட்டு வெறுமையாய் விடப்பட்ட மண்ணே இக்களைக்குத் தாய்மடி. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தொட்டால் பலருக்குத் தோல் தடிக்கும். அதன் மகரந்தம் மூச்சை அடைக்கும்.

என் மனைவி உயிரோடிருந்த நாளில், இச்செடி பூக்கும் பருவமெல்லாம் மூச்சுத் திணறலால் அவதியுற்றாள். சென்ற ஆண்டு அக்டோபரில் அவளுடைய கல்லறையைச் சுற்றியே அது வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நிற்கக் கண்டேன். செபிக்கச் சென்ற எனக்குச் சினமே மூண்டது. அவ்விலைகளில் சிறு வண்டுகள் ஊர்ந்தன. அரிசி மணியளவே நீளம், வெளிறிய முதுகில் பழுப்புக் கோடுகள். கல்லறையருகே நான் நட்டிருந்த ரோஜாவைத் தின்ன வந்தவை என்றெண்ணி, உதறித் தள்ளிக் காலால் நசுக்கினேன்.

வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் அருகில் களை பறித்துக்கொண்டிருந்தார். அவர் என் தோளைத் தொட்டு, "பொறுங்கள் ஐயா! நமக்காக உழைப்பவனையே கொல்கிறீர்களே!" என்றார்.

அவர் சொல்லித்தான் அவ்வண்டின் கதையை அறிந்தேன். அதன் தாயகம் மெக்சிகோ. பயிர்களுக்குத் தீங்கிழைக்குமா எனச் சோதித்தறிந்த பின்னர், 1984-இல் பெங்களூரில் இக்களையை ஒழிப்பதற்கென்றே அதனை வெளியில் விட்டனர். பெண் வண்டு இலையின் அடிப்புறத்தில் வெளிர்மஞ்சள் முட்டைகளை இடும். நான்கைந்து நாளில் வெளிவரும் புழு முதலில் கொழுந்தைத் தின்னும். பின்பு இலையைத் தின்னும். கொழுந்திழந்த செடி பூப்பது குறையும். ஏறத்தாழ இரு வாரங்களில் முதிரும் புழு, செடியை விட்டிறங்கி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். மேலும் பத்து நாள் அளவில் வண்டாகி மேலே வரும். வறண்ட காலம் வந்துவிட்டால் முதிர்ந்த வண்டுகளே மண்ணுள் இறங்கி, உணவின்றி மாதக்கணக்கில் உறங்கும். மழை மண்ணை நனைத்து, களை மீண்டும் துளிர்க்கும்போது அவையும் எழுந்து வரும்.

பார்த்தீனியம் 1950-களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டது. அயல்நாட்டுக் கோதுமையோடு அதன் விதைகள் கலந்து வந்தன என்பர். இதைக் கேட்டதும் மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தின் களைகள் உவமை என் நெஞ்சில் தைத்தது. களைகளை உடனே பறிக்கட்டுமா என்று கேட்ட பணியாளர்களை, அறுவடை வரை பொறுத்திருக்கச் சொன்னார் வீட்டுத் தலைவர். அவசரக் கை கோதுமையையும் சேர்த்துப் பிடுங்கிவிடுமே என்று அஞ்சினார். அவர் அஞ்சிய கை என் கைதான். களையின்மேல் கொண்ட சினத்தால் களையைத் தின்ன வந்ததை அல்லவா நான் கொன்றேன்!

இவ்வாண்டு மே மாதம் கல்லறையின் ஓரத்தைச் செப்பனிட மண்ணைத் தோண்டினேன். சருகு போல் காய்ந்த மண்கட்டிக்குள் அதே கோடிட்ட வண்டுகள் இரண்டு அசைவற்றுக் கிடந்தன. இறந்தவை என்றே எண்ணினேன். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தேன். சிறிது நேரத்தில் அது ஒரு காலை மெல்ல நீட்டியது. பறித்த குழியிலேயே அதனை இட்டு, மண்ணைத் தள்ளி மூடினேன். அதே மண்ணில்தான் என் மனைவியும் துயில்கிறாள். அவளை அடக்கம் செய்த நாளில் நான் இயந்திரம் போல் சொன்ன உயிர்ப்பின் நம்பிக்கையை அன்று முழங்காலிட்டுச் சொன்னேன்.

இந்த ஒரு வண்டால் களை முற்றிலும் ஒழிந்துவிடாது. ஆகவே இவ்வாண்டு கல்லறைகளை ஒட்டிய செடிகளைப் பூக்குமுன்னரே, கையுறை அணிந்து, வேரோடு பறித்தோம். மதிலோரத்துச் செடிகளை வண்டுகளுக்கென்று விட்டுவைத்தோம். முதல் மழை பெய்த மறுவாரம் சென்று பார்த்தேன். மதிலோர இலைகள் சல்லடையாய்த் துளைபட்டிருந்தன. ரோஜாவில் ஓர் இலைகூடக் குறையவில்லை.