தாங்கிதான் தூரம்

எம்பிலிப்பிட்டியவில் வைக்கோலிலிருந்து காகிதம் செய்த ஆலை ஒன்று இருந்தது. உடவளவ நீரில் விளையும் நெல்லின் மிச்சத்தைக் காசாக்கும் யோசனை அது. ஹாட்வெயார் கடையில் சாத்தி வைத்திருக்கும் மரப் பிளாஸ்டிக் பலகையும் அதே யோசனையில் பிறந்ததுதான். மரத்தூளையோ உமித்தூளையோ பிளாஸ்டிக்கோடு உருக்கிச் சேர்த்துப் பலகையாக இழுக்கிறார்கள். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தில் இறப்பர் மரம் அறுக்கும் மில்களில் குவியும் தூளும் இதற்கு உதவும்.

மரம் 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் கருகத் தொடங்கும். அதனால் 130 பாகையளவில் உருகும் பொலித்தீன், 165 பாகையளவில் உருகும் பொலிபுரொப்பிலீன் போன்றவைதான் இதற்குத் தோது. தூளில் ஈரம் நின்றால் ஆவி கிளம்பிப் பலகைக்குள் பொக்கை விழும்; நன்றாக உலர்த்தியே சேர்க்க வேண்டும். தூள் கூடக்கூட உருகிய கலவை ஓட மறுக்கும். அம்பாந்தோட்டைத் தொதல் கிண்டியவருக்கு இது தெரியும்: சும்மா விட்டால் அசையாது, பலமாகத் துழாவினால் இளகிக் கொடுக்கும். சூடும் வேகமும் ஒத்துவராவிட்டால் அச்சிலிருந்து வரும் பலகையின் ஓரம் பல் பல்லாகக் கிழியும்.

பலகை ஆறிய பிறகும் கதை முடிவதில்லை. எங்கள் வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே இந்தப் பலகையில் ஒரு தட்டு அடித்து அரிசி மூட்டைகளை ஏற்றினோம். உடையவில்லை, வெடிக்கவுமில்லை. நாளடைவில் நடுப்பகுதி இறங்கியது. இரு முனைக்கும் நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் இரண்டு விரல் நுழைகிறது. மூட்டையை இறக்கினோம், கொஞ்சம் நிமிர்ந்தது, மீதி வளைவு அப்படியே நின்றுவிட்டது. வந்து பார்த்த பாஸ், “பலகை நல்லதுதான் ஐயா, தாங்கிதான் தூரம்” என்றார்.

பலாப் பலகையில் நார்கள் நீளவாக்கில் ஓடிப் பாரத்தைச் சுமக்கின்றன. இதிலோ நார் தூளாகிவிட்டது. சுமப்பதில் பெரும்பங்கு பிளாஸ்டிக்குடையது. இடைவிடாத பாரத்தில் அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று வழுக்கி நகரும். சூடு அந்த நகர்வை விரைவாக்கும். மரத்தூள் வேகத்தைக் குறைக்குமே தவிர, நிறுத்தாது. தூளையும் பிளாஸ்டிக்கையும் ஒட்டவைக்கும் இணைப்புச் சேர்மம் கலந்திருந்தால் தொய்வு இன்னும் குறையும்.

வேலிக்கும் நெருக்கமாகச் சட்டம் போட்ட தளத்துக்கும் இது நல்ல பொருள். பாரம் நிரந்தரமாக நிற்கும் தட்டுக்கு வாங்குவதானால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு தாங்கி வேண்டும் என்று கடையிலேயே கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பலாப் பலகையே போதும்.