மதிப்பெண் இல்லாத வேலை

இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரான்ஸில் இருந்துவிட்டுக் காஞ்சிபுரத்துக்குத் திரும்புகிறவருக்கு முதலில் உறைப்பது தறிச்சத்தம் குறைந்திருப்பதுதான். பிள்ளையார்பாளையத்தில் எத்தனையோ வீடுகளில் தறிக்குழியை மண் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். காந்தி சாலையிலோ பட்டுக்கடைகள் மாடிமேல் மாடியாக எழும்பியிருக்கின்றன. காமாட்சியையும் வரதரையும் தரிசித்த கூட்டம் வேன் வேனாக அங்கேதான் போய் இறங்குகிறது. பட்டு விற்கும் ஊராக வளர்ந்து, பட்டு நெய்யும் ஊராகச் சுருங்கியிருக்கிறது என் ஊர். ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள், சேலையின் உடலையும் கரையையும் இழைக்கு இழை கோர்க்கும் கோர்வை போட ஆளில்லை, இந்தத் தலைமுறைக்குப் பொறுமை போதாது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. கைத்திறன் இன்னும் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுகோல்தான் இல்லை. இதை எனக்குப் புரியவைத்தது, நான் குடியேறிய நாட்டின் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை ஒருவரின் வாழ்க்கை.

சூர்யா பொனாலி 1973 டிசம்பர் 15 அன்று நீஸ் நகரில் பிறந்தார். அப்போது அவர் பெயர் கிளோடின். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது தத்தெடுத்த பெற்றோர்தான், நமக்கு மிகவும் பழக்கமான சூர்யா என்ற பெயரைச் சூட்டினார்கள். நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கிய ரீயூனியன் தீவில் பிறந்தவர் என்று அவருடைய தொடக்ககாலப் பயிற்சியாளர் ஒரு கதையைப் பரப்பினார். ஒரு கறுப்பினப் பெண் பனித்தளத்தில் ஏறியதை உள்ளபடி சொன்னால் போதாது, அதற்கொரு விசித்திரக் கதை வேண்டும் என்று அன்று நினைத்திருக்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸின் டம்ப்ளிங் பிரிவிலிருந்து வந்தவர் என்பதால், அவருடைய தாவல்களின் பலம் வேறு மாதிரி இருந்தது. பிரான்ஸின் தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றார். 1991 முதல் 1995 வரை ஐந்து ஆண்டும் ஐரோப்பியப் பட்டம் அவருக்கே. உலகப் போட்டியில் மட்டும் 1993, 1994, 1995 மூன்று ஆண்டும் வெள்ளிதான். 1994-இல் ஜப்பானின் சீபாவில் ஒன்பது நடுவர்களில் ஐவர் யூகா சாட்டோவையும் நால்வர் பொனாலியையும் முதலில் வைத்தார்கள். கழுத்தில் போட்ட வெள்ளிப் பதக்கத்தை அவர் அங்கேயே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நம் சென்னைப் பிள்ளை ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் சீனாவில் ரோலர் ஸ்கேட்டிங் 1000 மீட்டர் ஓட்டத்தில் உலகப் பட்டம் வென்றபோது, கோட்டை முதலில் தாண்டியது யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் வர வழியில்லை. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அப்படிக் கோடு எதுவும் கிடையாது.

பொனாலிக்கு 1996-இல் குதிகால் தசைநாண் அறுந்தது. அந்தக் காயத்தோடுதான் 1998-இல் நாகானோ ஒலிம்பிக்ஸுக்கு வந்தார். பதக்க வாய்ப்பு நழுவிவிட்டது. கடைசிச் சுற்றின் நடுவில் பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடித்து, ஒரே காலின் ஒற்றைக் கத்தியில் வந்து இறங்கி, நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனார். குட்டிக்கரணம் 1976-க்குப் பிறகு தடை செய்யப்பட்டிருந்தது. இரண்டு காலில் இறங்குவது தாவல் ஆகாது என்பது அதற்கெதிரான வாதங்களில் ஒன்று. அவர் இறங்கியதோ ஒற்றைக் காலில். ஆனாலும் மதிப்பெண் குறைந்தது, பத்தாம் இடம். நடுவர்களுக்கு முதுகைக் காட்டி, பார்வையாளர்களை வணங்கி ஆட்டத்தை முடித்தார். அவருடைய சறுக்கலில் வழுவழுப்பு குறைவு, நடை முரடு என்று விமர்சகர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குத்தான் கலைநயத்துக்குத் தனி மதிப்பெண் இருந்ததே! அங்கே குறைத்திருக்கலாம். வேறு எவரும் செய்யாத ஒன்றைச் செய்தவருக்கு, அதை எழுதக்கூட இடமில்லாத தாளை வைத்துத் தீர்ப்பு எழுதியதுதான் தவறு. ஆபத்து என்பதால் தடுத்தார்கள் என்றால், நான்கு சுற்றுத் தாவல் மட்டும் ஆபத்தில்லாததா? 2024-இல் சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனமே அந்தத் தடையை நீக்கியது. பொனாலிக்கு அப்போது ஐம்பது வயது.

இனி கோர்வைக்கு வருகிறேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் தறியில் மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒரு பக்கம், கரைக்கென உட்காரும் துணையாள் மறுபக்கம். ஒவ்வொரு ஊடைக்கும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடிக்க வேண்டும். பிடி தவறினால் அந்த இடத்தில் சேலை பிரியும். கோர்வையில்லாத சேலையை ஒருவரே நெய்துவிடலாம், வேகமும் அதிகம். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வாங்குகிறவர் கண்ணுக்கு வித்தியாசம் எளிதில் தெரியாது. 2004-இல் வந்த சில்க் மார்க் அட்டை, நூல் சுத்தப் பட்டு என்கிறது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்து கோர்த்தார்கள் என்று அந்த இரண்டும் சொல்வதில்லை. ஒரு சேலைக்கான கூலியை இரண்டு பேர் பங்கிட வேண்டிய வேலையை விட்டு ஒரு பையன் கம்பெனி பஸ் ஏறினால், அதைப் பொறுமையின்மை என்று சொல்வது அநியாயம்.

கைத்தறிக்காகப் பேசினால், விசைத்தறிப் பட்டு வந்ததால்தான் சாதாரண வீட்டுக் கல்யாணத்திலும் பெண் பட்டுடுத்துகிறாள் என்பார்கள். சரியான பேச்சுதான். அந்தச் சேலையும் விற்கட்டும், தன் பெயரைச் சொல்லி விற்கட்டும். கோர்வை என்று அட்டையில் ஒரு வரி எழுதினால் கூலி ஏறிவிடுமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. எழுதியவுடனே ஏறாது. ஆனால் அட்டையில் வந்தால் விலையில் தெரியும். விலையில் தெரிந்தால் கூலி பேசும்போது நெசவாளிக்கு ஒரு பிடி கிடைக்கும். இன்று அந்தப் பிடிகூட இல்லை. பொனாலி நாகானோவில் குட்டிக்கரணம் அடித்த பிறகு விதி மாற 26 ஆண்டு ஆனது. அதற்குள் அவர் லாஸ் வேகாஸில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விட்டார், கற்றது அவரோடு அழியவில்லை. காஞ்சியில் கோர்வை தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில், கற்றுக்கொள்ள உட்காரும் பிள்ளைகள் அரிதாகிவிட்டார்கள். ஆகவே கைத்தறித் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் கோர்வைச் சேலைக்கென்று தனி முத்திரையை இப்போதே கொண்டுவர வேண்டும். நெய்தவர் பெயரோடு துணைக்கு உட்கார்ந்தவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.