43 வெள்ளி எங்கே போனது?

வங்கிக் கணக்கறிக்கை வந்த அன்று நான் செய்த முதல் காரியம், தங்கையைச் சந்தேகப்பட்டது.

அவள் கிள்ளானில் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு அகப்பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறாள். ஒரு சேலைக் கடை அகப்பக்கத்துக்காக இணையச் சந்தையில் மென்பொருள் வாங்க வேண்டியிருந்தது. அவளிடம் கிரெடிட் கார்டு இல்லை; என்னுடையதைக் கொடுத்தேன். விலை 100 டாலர். அன்று கைப்பேசியில் பார்த்தபோது ஒரு டாலர் 4 ரிங்கிட் 40 சென். உடனே 440 ரிங்கிட் அனுப்பிவிட்டாள். மாதக் கடைசியில் கணக்கறிக்கை சொன்னது: 483 ரிங்கிட் 22 சென்.

43 ரிங்கிட் பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் "வேறு எதையோ சேர்த்து வாங்கிட்டா போல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்வதும் வானொலியில் சொல்வதும் ஒன்றுதான். இரண்டு நாளில் தங்கையிடமிருந்து இன்வாய்ஸ் வந்தது, கூடவே ஒரு வரி: "நீங்களே பாருங்க அக்கா." என்னை எப்போதும் 'நீ' என்பவள் அவள்.

காலை நிகழ்ச்சி முடிந்து, பசியாறிக்கொண்டே அதைத் திறந்தேன்.

முதலில் விலை 100 டாலர். அடுத்து சேவை வரி 8 விழுக்காடு, 8 டாலர். ஆக 108. வெளிநாட்டு நிறுவனங்கள் இணையம் வழி நமக்கு விற்கும் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்த வரி உண்டு. அப்போது 6 விழுக்காடு. 2024 மார்ச் 1 முதல் 8. இதை வானொலியில் நானே அறிவித்திருக்கிறேன், அறிவித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போயிருக்கிறேன்! மென்பொருளை எழுதியவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, சந்தையை நடத்தும் நிறுவனம் 12 மாதங்களில் 500,000 ரிங்கிட்டுக்கு மேல் இங்கே விற்றால், சுங்கத்துறையில் பதிந்து வரியை வசூலித்துக் கட்ட வேண்டும்.

"சிங்கப்பூர் அத்தை முகவரியைப் போட்டிருக்கலாமே?" என்றார் பக்கத்திலிருந்த சக அறிவிப்பாளர். போட்டால் அங்கே 9 விழுக்காடு. அதோடு, மலேசியாவில் வசிப்பது, மலேசிய அட்டையில் கட்டுவது, மலேசிய இணைய இணைப்பில் வாங்குவது என்ற மூன்றில் இரண்டு பொருந்தினாலே சட்டப்படி நாம் இங்கே வரி கட்டவேண்டியவர்கள்.

சரி, 108 டாலர். அதை 4.40-ஆல் பெருக்கினாலும் 475 ரிங்கிட் 20 சென்தானே வருகிறது? கைப்பேசி காட்டும் அந்த விகிதம் சந்தை நிலவரம். நம் கைக்கு அது கிடைப்பதில்லை. அட்டை நிறுவனம் தன் விகிதத்தில் மாற்றும், அதுவும் பெரும்பாலும் நாம் வாங்கிய நாளின் விகிதத்தில் அல்ல, கணக்கில் ஏறும் நாளின் விகிதத்தில். எனக்கு 4.43. அதாவது 478 ரிங்கிட் 44 சென். அதன்மேல் வங்கி 1 விழுக்காடு, 4 ரிங்கிட் 78 சென். கூட்டினால் ஒரு சென் பிசகாமல் 483.22.

கவனித்தீர்களா, வரி டாலரிலேயே சேர்ந்துவிடுவதால் அந்த 1 விழுக்காடு வரிக்கும் சேர்த்துத்தான்.

கட்டும் பக்கத்தில் 'ரிங்கிட்டில் செலுத்தலாம்' என்றும் ஒரு பொத்தான் இருந்ததாம். அதில் டாலருக்கு 4.60, மொத்தம் 496 ரிங்கிட் 80 சென். தங்கை அதை அழுத்தவில்லை. என் காசை அவள் மிச்சப்படுத்தியிருக்கிறாள்.

அன்றே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலில்லை.

"இந்த வரியைத் திரும்ப வாங்க முடியுமா அக்கா?"

முன்பிருந்த ஜிஎஸ்டியில், பதிவு செய்த வியாபாரிகள் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். சேவை வரியில் அது கிடையாது, அப்படியே செலவுதான். வாடிக்கையாளரிடம் சொல்லும் விலையில் அதைச் சேர்க்க வேண்டும் என்றேன்.

"சேர்த்ததே இல்லை," என்றாள். இதுவரை முடித்தவை 14 அகப்பக்கங்கள். மாமாவின் கார்டிலோ தோழியின் கார்டிலோ வாங்கி, கூடுதலாக வந்ததைத் தன் கையிலிருந்து கொடுத்திருக்கிறாள். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. அவள் கணக்கு இன்னமும் அப்பா பழக்கிய 555 புத்தகத்தில்தான்.

"சேலைக் கடைக்கு விலை சொல்லிட்டியா?"

"நேத்துதான் அனுப்பினேன்."

"440-ன்னா?"

"ம்."

மாலையில் என் கணக்கில் 43 ரிங்கிட் 22 சென் வந்து விழுந்தது. வேண்டாமென்று திருப்பி அனுப்பினேன், மறுபடியும் வந்தது. அம்மாவிடம் நான் இன்னும் பேசவில்லை.