இரண்டு உண்டியல்

டெர்ரி, ஞாயிறு மாலை

குட்டி,

பக்கத்து வீட்டம்மாவைப் பற்றிச் சொன்னேனே, உதட்டுச்சாயம் பூசாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வராதவள்! அவள் சமையலறையில் இரண்டு உண்டியல் இருக்குதடி. ஒன்று பவுண்டுக்கு, ஒன்று யூரோவுக்கு.

இந்த ஊர் வட அயர்லாந்து, பிரிட்டிஷ் ஆட்சியில் இருப்பது. காரில் கொஞ்ச தூரம் போனால் அயர்லாந்துக் குடியரசு. சோதனைச் சாவடி எதுவும் கிடையாது. வேகப் பலகையில் மைல் போய் கிலோமீட்டர் வந்தால் நாடு மாறிவிட்டதென்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அந்தம்மாவுக்கு மகள் அந்தப் பக்கம், மகன் இந்தப் பக்கம். உண்டியலும் அப்படியே.

பணம் ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காக்கும் படகுச் சங்கத்துக்கு. 1824-இல் லண்டனில் தொடங்கியது. 1922-இல் தெற்கு அயர்லாந்து தனியாகப் போனபோது சிவப்புத் தபால் பெட்டிக்கெல்லாம் பச்சை பெயின்ட் அடித்தார்களாம். படகுச் சங்கமோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தலைமையகம் இன்றைக்கும் இங்கிலாந்தில் பூல் என்ற ஊர். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் டோனிகால் மாவட்டத்துப் பன்கிரானாவில் நடுராத்திரி பேஜர் அலறினால் எழுந்து ஓடுவது டோனிகால்காரர்கள். கொத்தனாரும் கடைக்காரரும்தான், சம்பளமில்லை. இங்கே ஃபாயில் கழிமுகத்தில் எல்லை தண்ணீருக்குள் எப்படிப் போகிறதென்று இரண்டு அரசும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நூறு வருஷமாச்சு! உங்கள் பெரியப்பாவின் வரப்புத் தகராறு தோற்றுப்போகும்.

பெரிய சங்கம் எப்படியோ சமாளித்துவிடும், சின்னச் சங்கங்கள் பாடுதான் திண்டாட்டம் என்கிறாள் அந்தம்மா. பதிவு என்றால் வடக்கே ஒரு ஆணையம், தெற்கே டப்ளினில் இன்னொன்று. பிள்ளைகளோடு வேலை செய்ய இங்கே ஒரு சான்று, அங்கே கார்டா போலீஸின் சரிபார்ப்பு. அவளுடைய தங்கை இளைஞர் மன்றம் நடத்துகிறாள். வேன் ஒன்று, பிள்ளைகள் அதே பிள்ளைகள், கோப்பு மட்டும் இரண்டு! 'நான் சமூக சேவகியா, குமாஸ்தாவா' என்று புலம்புகிறாளாம்.

விளையாட்டு வம்பு இன்னும் ருசி. கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884-லேயே பிறந்ததால் எல்லையைக் கண்டுகொள்வதே இல்லை. அல்ஸ்டர் போட்டியில் இந்தப் பக்கத்து ஆறு மாவட்டமும் அந்தப் பக்கத்து மூன்றும் சேர்ந்தே ஆடும். கால்பந்துக்காரர்கள் 1921-இல் இரண்டாகப் பிரிந்தார்கள். அப்புறமும் பாரேன், எங்கள் டெர்ரி சிட்டி அணி 1985-லிருந்து தெற்கத்தி லீகில் ஆடுகிறது! பெல்ஃபாஸ்ட்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். முகம் கடுத்துப்போய்ச் சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நேற்று அந்தம்மா என்னையும் பிடித்து உட்கார வைத்து, கலந்து கிடந்த காசைப் பிரிக்கச் சொன்னாள். நடுவில் ஒரு ஐந்து ரூபாய் வந்து விழுந்தது. 'இது யார் போட்டது, எந்த நாட்டுக் காசு?' என்று கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை. போன வாரம் இருட்டில் பர்ஸைத் துழாவிப் போட்டவள் நான்தான்.

உன்
சீனி