கடைசிப் பக்கம் இல்லாத கதை



"ஐயா, பையன் எந்நேரமும் படக்கதைதான் பார்க்கிறான், பாடநூலைத் தொடுவதே இல்லை." பெற்றோர் சந்திப்பு நாள்களில் நான் அடிக்கடி கேட்கும் முறையீடு இது. நானும் ஒரு காலத்தில் இதற்குத் தலையாட்டியவன்தான். இப்போது ஆட்டுவதில்லை. காரணத்தை எழுதுகிறேன்.

ரந்தாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பால்மரம் சீவப் போய்விடுவர். வீட்டில் இருந்த நூல்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, மாமா விட்டுச் சென்ற 'இரும்புக்கை மாயாவி'. சிவகாசியில் 1972ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முத்து காமிக்ஸின் முதல் இதழ் அது. மூலக்கதை இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கியது. எஃகுக் கை பொருத்தப்பட்ட ஒருவர், உடலில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார். அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

எங்கள் வீட்டுப் படியில் கடைசிப் பக்கங்கள் இல்லை, கரையான் தின்றுவிட்டது. ஆகவே முடிவை அண்ணன் சொல்வார். நேற்றுச் சொன்ன முடிவை இன்று சொல்லமாட்டார். லயத்துப் பிள்ளைகள் வாசற்படியில் அமர்ந்து, "இது முன்னே வந்த பக்கத்தோடு பொருந்தவில்லையே" என்று வாதிடுவோம். அண்ணன் பக்கத்தைப் புரட்டிச் சான்று காட்டுவார். பள்ளியிலோ அவர் 'படிப்பு ஏறாதவர்' என்று பெயர் வாங்கியவர். இடையிலேயே பள்ளியை விட்டுத் தோட்ட வேலைக்குப் போனார்.

பல ஆண்டுகள் சென்றன. ஆசிரியர் பயிற்சி முடித்து, தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன். வாசிப்பில் பின்தங்கியவன் என்று நானே குறித்து வைத்திருந்த மாணவன், பாடநூலுக்குள் ஒரு படக்கதையை ஒளித்து வைத்திருந்தான். பறித்து மேசை இழுப்பறையில் பூட்டினேன். ஓய்வு நேரத்தில் அவனும் அவன் நண்பனும் வந்து நின்றனர். புத்தகத்தைக் கேட்பார்கள் என்று எண்ணினேன்.

"ஐயா, எஃகு என்பதால் கை மறையாது என்கிறான் இவன். அப்படியென்றால் சட்டை மட்டும் எப்படி மறைகிறது?"

எனக்கு விடை தெரியவில்லை. அவனோ எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னான். காரணம் காட்டுதல், சான்று தருதல், ஐயம் எழுப்புதல்: கருத்துணர்தலில் நான் கற்பிக்க முயன்றவை யாவும் அவன் வாயிலிருந்து வந்தன.

அந்தப் புத்தகம், அவன் மாமா தமிழகத்திலிருந்து வாங்கி வந்த மாயாவி மறுபதிப்பு. அன்று மாலை, நான் பார்த்தறியாத கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அண்ணன் சொன்ன முடிவுகள் அதைவிட நன்றாக இருந்தன.

பழைய கதைகளுக்கு மறுபதிப்புக் கேட்டு, பழைய இதழையும் புதியதையும் கட்டம் கட்டமாக ஒப்பிடும் வாசகர்கள் தமிழகத்தில் இன்றும் உள்ளனர். அமெரிக்காவிலும் இப்படித்தான். டொனால்ட் வாத்துக் கதைகளில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ அச்சிடப்படாத காலம் அது. இருப்பினும் வாசகர்கள் கோட்டையும் கதைப்போக்கையும் கொண்டே ஒருவரை இனங்கண்டு 'நல்ல வாத்து ஓவியர்' என்றனர். 1947இல் ஸ்குரூஜ் மாமாவைப் படைத்த கார்ல் பார்க்ஸ்தான் அவர் என்பதை 1960 வாக்கில்தான் தேடி அறிந்தனர். ஊன்றிப் படித்தவர்களால் ஆன காரியம் அது.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பின், கடைசிப் பக்கத்தை மறைத்துவிட்டு முடிவை எழுதச் சொன்னேன். அவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. கதையில் பிழை இல்லை.

அண்ணனிடம் அந்தத் தாளைக் காட்டினேன். படித்துவிட்டு, "என்னை யாரும் எழுதச் சொல்லவில்லையே, தம்பி" என்றார்.

பெற்றோர்களே, பிள்ளையின் கையிலிருந்து படக்கதையைப் பிடுங்குமுன், "அடுத்து என்ன நடக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்களே, நாமும் கேட்போம்.