உழவன் உழுகிறார்

சின்னக் குழந்தைகளுக்கு வினைச்சொல் கற்பிப்பது சுலபம் என்று, கற்பித்துப் பார்க்காதவர்கள் நினைக்கிறார்கள். 'குதி' என்றால் குதிப்பான், 'உட்கார்' என்றால் உட்காருவான். சொல்லும் பொருளும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இதை ஒரு முறையாகவே வகுத்தார்: கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்லியே அந்நிய மொழி ஒன்றைப் பழகிவிடலாம் என்று. தமிழுக்கு ஆஷர் தேவைப்படவில்லை. நம் வினையின் பகுதியே ஏவல்தான். நட, வா, உண், கேள் – இலக்கணம் வேர் என்று காட்டுவதும் வீட்டில் அதட்டலாகக் காதில் விழுவதும் ஒரே சொல். வினைப்பகுதிகளின் ஈறுகளுக்கு மாதிரியாகப் பவணந்தி 23 சொற்களை அடுக்குகிறார்; அத்தனையும் யாரோ யாரையோ ஏவும் சொற்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இவற்றை 'த்தல்' சேர்த்துத் தொழிற்பெயராக்கி ஆறவைத்திருந்தது. 1992-ல் வந்த க்ரியா அகராதி 'நட' என்றே தலைச்சொல்லாகப் போட்டது. அதைப் புரட்டும்போது பக்கத்துக்குப் பக்கம் யாரோ என்னை வேலை வாங்குகிற மாதிரி ஒரு பிரமை எனக்கு.

1980களில் தாமிரபரணிக் கரையில் ஒரு ஈராசிரியர் பள்ளியில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். ஓடு, ஆடு, குதி, எறி எல்லாம் இரண்டு நாளில் தீர்ந்துபோயின. பிறகு 'மற' என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள். 'நினை' என்றதற்கும் அதையேதான் செய்தாள். பொறு, காத்திரு, நம்பு – இவற்றுக்கெல்லாம் உடம்பு போதவில்லை. வினை என்றால் அசைவு என்கிற பாடப்புத்தகத் தீர்மானம் அந்த இடத்தோடு நின்றுபோயிற்று.

அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது முடிக்காத வாக்கியம். "முத்து பந்தை..." என்று சொல்லி நிறுத்திவிடுவேன். எறிந்தான், பிடித்தான், கடித்தான், ஒளித்தான், எனக்குத் தரமாட்டேன் என்றான் என்று நாலா பக்கமும் கத்துவார்கள். பெனலோஸா எழுதி, அவர் இறந்து பதினோரு வருஷம் கழித்து 1919-ல் எஸ்ரா பவுண்ட் வெளியிட்ட சீன எழுத்து பற்றிய கட்டுரை, கர்த்தா, செயல், செயப்படுபொருள் என்று போகும் வாக்கிய வரிசையே இயற்கையின் வரிசை என்று வாதிக்கிறது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த இயற்கை வேறு மாதிரி இருந்தது. முத்துவும் பந்தும் வந்துவிட்டார்கள், என்ன நடந்தது என்பது மட்டும் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் இருபது குழந்தைகளும் இருந்தார்கள். 'எழுத்து' தொடங்கிய 1959-லிருந்து நம்மிடம் குவிந்த படிமக் கவிதைகளில் பலவற்றில் முத்து உண்டு, பந்து உண்டு, வினை கிடையாது. மௌனம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறோம். (நானும் அப்படிச் சிலவற்றை அச்சேற்றியிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.)

காலம் என்று வரும்போதுதான் நிஜமான சிக்கல். புத்தகத்தில் 'படிக்கிறான்'. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாயில் 'படிக்கான்'. புத்தகத்தின் 'ஓடுகிறான்' அவர்களுக்கு 'ஓடுதான்'. அழுதுகொண்டிருப்பவனைப் பார்த்தே "ஏம்ல அழுத?" என்று கேட்கிற ஊர் அது. எழுத்தில் அது நேற்று, திண்ணையில் அது இன்று. ஏழு வயதுப் பையனை அவனுடைய நிகழ்காலம் இறந்தகாலம் என்று நம்பவைப்பது சாமானிய காரியமில்லை. இத்தனைக்கும் இந்த 'கிறு' ஒன்றும் ஆதி சொத்து அல்ல. நன்னூல் கணக்கில் வருகிறதே தவிர, சங்கப் பாடல்களில் இந்த மாதிரி நிகழ்கால இடைநிலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சுவரில் வினைப்படங்கள் மாட்டியிருந்தன. அம்மா சமைக்கிறாள். அப்பா படிக்கிறார். மருத்துவர் ஊசி போடுகிறார். குயவன் பானை செய்கிறான். உழவன் உழுகிறான். செயலைக் கற்பிக்க வந்த படங்கள். ஆனால் பிள்ளைகள் செயலைக் கற்றுக்கொள்ள அவற்றிடம் போகவேண்டிய தேவையே இல்லை. உழுவதை என்னைவிட அவர்கள் நன்றாகப் பார்த்திருந்தார்கள். அவர்கள் படங்களிலிருந்து கற்றது விகுதியை. 'ஆர்' பலர்பால் விகுதி. ஒருவரைப் பலராக்கி மரியாதை செய்வது நம் வழக்கம். ஊசி போடுகிறவர் பலர். பானை செய்கிறவன் ஒருவன். சமைக்கிற அம்மாவும் ஒருத்தி.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன், அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு ஏர் பிடிப்பவர், அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "எங்கய்யா உழுதாரு சார்" என்றான். திருத்துகிற தொனி ஏதுமில்லை. தகவல் சொன்னான், அவ்வளவுதான். அரைப்பரீட்சையில் 'உழவன் ........' என்று கோடிட்ட இடம் வந்தது. 'உழுகிறார்' என்று எழுதியிருந்தான். 'கிறு'வைச் சரியாகப் பிடித்துவிட்டான்; எழுத்துத் தமிழ் அவனுக்கு வந்துவிட்டது. அப்பாவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் முழு மதிப்பெண் போட்டேன்.

விடைத்தாள்களைப் பார்க்க வந்த அதிகாரி அதன்மேல் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார். எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை, வழு என்றார். மகிழ்ச்சியாலோ உயர்த்திச் சொல்ல வேண்டியோ சிறப்புக் கருதியோ பாலும் திணையும் மயங்கி வந்தால் அதுவும் இயல்புதான் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது என்றேன். அதே சூத்திரத்தில் கோபமும் இழிப்பும்கூடக் காரணங்களாக இருக்கின்றன என்பதையும் சொன்னேன். சுவரிலிருந்த படங்களுக்கு அது பொருந்துமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மனிதர் தமிழ் படித்தவர், புரிந்துகொண்டார். கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தார். "வாஸ்தவம்தான். ஆனால் வழுவமைதி இரண்டாம் வகுப்புக்குக் கிடையாது சார்" என்று சொல்லி அரை மதிப்பெண்ணைக் குறைத்தார். தொழிலில் நேர்மையானவர், அடுத்த தாளில் 'அம்மா சமைக்கிறார்' என்று எழுதியிருந்த பெண்ணுக்கும் அதே அரையைக் குறைத்தார்.