உரிமையாளர் அறியப்படாத வங்க நூல்கள்

உரிமையாளரைக் கண்டறிய இயலாத, ஆயினும் பதிப்புரிமை முடிந்துவிட்டதென உறுதியாகக் கூறவும் முடியாத படைப்பை ‘அநாதைப் படைப்பு’ என்பர். கொல்கத்தாவில் சித்பூர் சாலையை ஒட்டிய பட்தலா அச்சகங்களின் மரபில் இருபதாம் நூற்றாண்டில் வெளியான மலிவு விலை நூல்கள் பலவும் இவ்வகையினவே. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரும் அச்சக முகவரியும் இருந்தாலும், ஆசிரியர் மறைந்த ஆண்டு தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டைக் கொண்டே 60 ஆண்டுக் காப்புக்காலத்தைக் கணக்கிடுவதால், 1935இல் நூல் எழுதியவர் 1980இல் மறைந்திருந்தால், அது 2040 வரை பூட்டப்பட்டிருக்கும்.

முன்பு 50 ஆண்டுகளாக இருந்த இக்காலம், 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகள்மீது விசுவபாரதி பல்கலைக்கழகத்திற்கு இருந்த உரிமை முடியும் தறுவாயில், 10 ஆண்டுகள் நீட்டப்பட்டது. உலகறிந்த ஒருவரை முன்னிட்டு எழுந்த அந்நீட்டிப்பு, உரிமை கோர எவருமற்ற நூல்களையும் சேர்த்தே பூட்டியது பெரிதும் வருந்தத்தக்கது.

உரிமையாளர் அகப்படாதபோது, நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டுக் கட்டாய உரிமம், அதாவது அவரது இசைவுக்கு மாற்றாகச் சட்டவழியில் பெறும் அனுமதி, கோருவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31அ பிரிவு இடமளிக்கிறது. ஆனால், சில அணா விலைக்கு விற்ற சிறுநூல்களை ஆயிரக்கணக்கில் மின்னாக்க முனையும் ஆவணக் காப்பகத்திற்கு அவ்வழி கட்டுப்படியாகாது. வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள பிரதியைப் பாதுகாப்பிற்காக மின்வடிவில் சேமிக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது. அமிலம் ஏறிய தாள் கொல்கத்தாவின் ஈரக்காற்றில் விளிம்பிலிருந்து நொறுங்கிவரும் நிலையில் இச்சலுகை பெரும் பேறே. எனினும் அப்பிரதியை இணையத்தில் அனைவருக்கும் திறந்துவைக்கும் உரிமையை அது தரவில்லை.